ஏழாம் வாய்ப்பாட்டோடு ஓடுவது எப்படி?

எனக்கு வயது 46. ஓட ஆரம்பித்தது 41-இல். பரிசு வாங்குகிற வேகம் எனக்கு இல்லை, இனி வரப்போவதும் இல்லை. 10 கி.மீ. ஓட 72 நிமிடம் ஆகிறது. ஆனாலும் வாரம் மூன்று நாள் விடிவதற்கு முன்பே ஷூவைத் தேடுகிறேன். ஓடலாமா என்று யோசிப்பவர்களுக்கு, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள். புதிதாக ஓட வருகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி ஓடுவார்கள். இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்கும், 'நமக்கு இது ஒத்துவராது' என்று திரும்பிவிடுவார்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. எனக்குத் துணைக்கு ஆள் கிடையாது, அதனால் ஏழாம் வாய்ப்பாடு சொல்வேன். ஏழேழு நாற்பத்தொன்பது வரை தடங்கலில்லாமல் வந்தால் அப்படியே போவேன். 'மூவேழு... இருபத்...' என்று இழுத்தால் நடந்துவிடுவேன். எதிரே வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஆரம்பத்துக்கு 'கவுச் டு 5கே' என்ற, ஓடியே பழக்கமில்லாதவரை 5 கி.மீ. ஓட வைக்கிற ஒன்பது வாரத் திட்டம் நல்லது. முதல் வாரம், ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஐந்தாம் வாரக் கடைசியில்தான் ஆளை அசத்தும்: நடையே இல்லாமல் 20 நிமிடம்! நான் அதில் மூன்று தடவை தோற்றேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் பின்னால் போய் மறுபடி வந்தேன். ஒன்பது வாரத்தை 14 வாரத்தில் முடித்தேன். யாரும் கேட்கவில்லை.

அவசரப்படக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு சொல்கிற நேரத்தில்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும். வலியால் நடையே மாறுகிறது என்றால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம்.

ஷூவில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். அது தெரியாமல் ஓடி எனக்கு நகம் கறுத்துப்போயிற்று. ஷூவின் மேல்பக்கம், லேஸ் கோக்கிற கடைசி ஓட்டைக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு ஓட்டை இருக்குமே, பலர் அதைத் தொடவே மாட்டார்கள். லேஸை அதே பக்கத்தில் இருக்கிற அந்த ஓட்டைக்குள் விட்டு, வெளியே சின்ன வளையம் நிற்கும்படி வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது. இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிப்பதும் குறையும்.

சந்தோஷம் எங்கே என்கிறீர்களா? முதல் பத்து நிமிடத்தில் கிடையாது. ஐந்து வருஷமாகியும் எனக்கு அந்தப் பத்து நிமிடம் மோசம்தான்: கால் கனக்கும், வீட்டு ஞாபகம் வரும். பன்னிரண்டாவது நிமிடம் வாக்கில் மூச்சு காலடியோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் ஓடுவது நான் இல்லை, கால்தான். எனவே பத்து நிமிடம் தாண்டாமல் அன்றைய ஓட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது இலக்கைக் கணக்குப் போட்டு வையுங்கள். தூரம் இரட்டிப்பானால் நேரம் சரியாக இரட்டிப்பாகாது, சுமார் 2.08 மடங்காகும். இது அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகலின் சூத்திரம். 5 கி.மீ.யை 35 நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, 10 கி.மீ.க்கு 73 நிமிடம் என்று வந்தது. என் முதல் போட்டியில் கூட்டத்தோடு சேர்ந்து முதல் கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் பறந்தேன். ஆறாவதில் நடந்தேன். முடிக்கும்போது 76. அடுத்த முறை முதல் பாதியை வேண்டுமென்றே 36:30-க்கு ஓடினேன், இரண்டாம் பாதி 35:30-இல் வந்தது. கடைசி இரண்டு கி.மீ.யில் மற்றவர்களை முந்திக்கொண்டு போகிற சுகம் இருக்கிறதே, கொஞ்சம் அற்பமானதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

42.195 கி.மீ. மாரத்தான் என் பட்டியலில் இல்லை. அறுபது வயதில் 10 கி.மீ. ஓட வேண்டும் என்பது இருக்கிறது. அதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், ஓட்டத்துக்கு ஒரு வரி. நேற்றைய வரி: '6 கி.மீ. வாய்ப்பாடு முழுசாக வந்தது. இடது லேஸ் அவிழ்ந்தது.'