பழைய குட்டிக் கேமராவுக்கு ஃபிலிம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எண்பதுகளில் அப்பாவோ மாமாவோ சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ கொண்டுவந்த கேமரா பரணிலிருந்து இறங்கும். ‘இதுக்கு இன்னும் ஃபிலிம் வருதா?’ என்று கேட்டுக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். பாதிப் பேர் வரும்போதே பணத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நாங்களெல்லாம் ஒரு காலத்தில் விழுந்த அதே குழி. பேட்டரி போட மறப்பது, லென்ஸை விரலால் மறைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவையெல்லாம் ஒரு ரோல் எடுத்தால் தானாகச் சரியாகிவிடும்.

சீல் பிரிக்காததெல்லாம் புது ஃபிலிம் இல்லை

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். தெரிந்த தம்பி ஒருவர் தாத்தாவின் சதாபிஷேகத்துக்காகவே ஒரு பென்டாக்ஸ் ஆட்டோ 110 கேமரா வாங்கினார். கூடவே இணையத்தில் ‘சீல் பிரிக்காதது’ என்று விற்ற 110 கார்ட்ரிட்ஜ்களையும், அதாவது அதில் போடுகிற ஃபிலிம் அடைத்த குட்டி பிளாஸ்டிக் கூடுகளையும், வாங்கிவிட்டார். எல்லாமே 1990களில் காலாவதியானவை. கடைசியில் ஃபிலிம் செலவு கேமரா விலையைத் தாண்டிவிட்டது.

கழுவி வந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 16 மி.மீ. அகலப் பட்டை, தொடக்கம் முதல் முடிவு வரை டிகாஷன் போல அடர்ந்து கிடந்தது. சல்லடை பிடித்துத் தாத்தா பாட்டி தலையில் கலசநீர் ஊற்றுகிற படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குருணை. அதன் மேல் ஃபிலிமின் பின்தாளில் அச்சடித்திருந்த ‘7’ என்ற எண் பதிந்திருந்தது. “சீல் பிரிக்கவே இல்லையேண்ணா, அப்புறம் எப்படி?” என்றார் தம்பி.

சீல் தடுப்பது வெளிச்சத்தையும் ஈரத்தையும்தான். வெப்பத்தை அது தடுக்காது. விண்ணிலிருந்து வருகிற கதிர்வீச்சையும் தடுக்காது. ஃபிரிட்ஜில் இல்லாமல் ஏதோ ஒரு கிடங்கில் முப்பது வருஷம் கிடந்த கலர் ஃபிலிம், படம் எடுப்பதற்கு முன்பே பாதி மங்கிப்போயிருக்கும்.

“வழக்கமான 35 மி.மீ. கேமராவில் காலாவதி ஃபிலிம் போட்டு நல்ல படம் எடுக்கிறார்களே?” என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஃபிரேம் 24×36 மி.மீ., 110 ஃபிரேம் 13×17 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ கால்வாசிதான். அங்கே கண்ணில் படாத குருணை, இங்கே அதே அளவு பிரின்ட் போடும்போது இரண்டு மடங்காகப் பெருகித் தெரியும்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. காலாவதி ஃபிலிமுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கூட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். 110 கேமராவில் எதைத் திருப்பிக் கூட்டுவது? பெரும்பாலானவற்றில் ஃபிலிமின் வேகத்தை, அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறனை, குறிக்கிற ஐஎஸ்ஓ டயலே கிடையாது. ஆட்டோ 110 நல்ல எஸ்எல்ஆர்தான் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கிற வகை), லென்ஸ்கூட மாற்றலாம். ஆனால் வெளிச்சத்தை எவ்வளவு நேரம் விடுவது (ஷட்டர்), எவ்வளவு பெரிய துவாரத்தில் விடுவது (அப்பெர்ச்சர்) எல்லாம் அதன் இஷ்டம். ஃபிலிமின் வேகத்தைக் கார்ட்ரிட்ஜ் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நீட்டலை வைத்து அதுவே தெரிந்துகொள்ளும். நீட்டல் நீளமென்றால் குறைந்த வேகம், குட்டையென்றால் அதிக வேகம். இடையில் எதுவும் இல்லை. பழைய ஃபிலிமுக்கு ஈடுகட்ட உங்களுக்கு வழியே கிடையாது.

இவ்வளவுக்கும் புது 110 ஃபிலிம் இருக்கிறது! 2009இல் ஃபூஜி நிறுத்தியதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். 2012இல் வியன்னாவின் லோமோகிராஃபி மறுபடி கொண்டுவந்தது. கறுப்பு-வெள்ளைக்கு ஆர்கா, கலருக்கு டைகர். விலை அதிகம்தான். ஆனால் அந்தத் தம்பி இழந்த பணத்தில் இவற்றையே தாராளமாக வாங்கியிருக்கலாம். பெட்டியில் அச்சான தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் மழுப்பினால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையில் கழுவுவது என்று பார்க்காமல் வாங்குவது

பெட்டியில் கோடாக்ரோம் (கோடாக்கின் பழைய கலர் ஸ்லைடு ஃபிலிம்) என்றிருந்தால் தொடாதீர்கள். அதற்கான கே-14 முறையில் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சஸில் இருந்தது. 2010 டிசம்பர் இறுதியோடு அதுவும் ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது. இனி அதில் கலர் எடுக்க முடியாது. 126 என்ற இன்னொரு கார்ட்ரிட்ஜ் அளவில் வந்த கோடாகலர்-எக்ஸ், சி-22 என்ற பழைய கழுவும் முறைக்கானது. இன்று கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 ரசாயனத்தின் 38 டிகிரிச் சூட்டில் அதன் பூச்சு உரிந்துபோகக்கூடும். லேப்காரர் உங்களை மட்டுமல்ல, உங்களை அனுப்பிய என்னையும் சேர்த்துத் திட்டுவார்.

126க்குப் புது ஃபிலிம் உண்டு என்று நம்புவது

இல்லை. 1963இல் கோடாக்கின் இன்ஸ்டமேட்டிக் கேமராவோடு வந்த இந்த அளவில் இப்போது யாரும் ஃபிலிம் தயாரிப்பதில்லை. 35 மி.மீ. ரோலை உள்ளே வைக்கிற அடாப்டர் கிடைக்கிறது, அது போதும். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 126 ஃபிலிமில் ஃபிரேமுக்கு ஒரே ஒரு துளை. கேமராவுக்குள் இருக்கும் ஊசி அதில் விழுந்தால்தான் ஃபிலிம் நிற்கும். 35 மி.மீ.யில் ஓரமெங்கும் துளைகள் என்பதால் ஒவ்வொன்றிலும் ஊசி மாட்டும். லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு பலமுறை க்ளிக் செய்து நகர்த்தித்தான் அடுத்த ஃபிரேமுக்குப் போக முடியும். படத்தின் ஓரத்தில் துளைகளும் தெரியும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

டிஸ்க் கேமரா

வட்டத் தட்டு வடிவ ஃபிலிம் போடுகிற இதற்கும் இப்போது ஃபிலிம் வருவதில்லை. ஷோகேஸில் வையுங்கள்.

ஏபிஎஸ்

அட்வான்ஸ்டு ஃபோட்டோ சிஸ்டம் என்ற கார்ட்ரிட்ஜ் வகை. 2011க்குப் பிறகு ஃபிலிம் தயாரிப்பே இல்லை. கிடைப்பதெல்லாம் காலாவதிதான்.

காலி கூட்டை லேபிலேயே விட்டுவிடுவது

மைனாக்ஸ் என்ற விரல் அளவு உளவுக் கேமராவின் ஃபிலிம் கேசட்டைத் திறந்து, 35 மி.மீ. ஃபிலிமிலிருந்து 9.2 மி.மீ. பட்டையாக வெட்டி நாமே நிரப்பிக்கொள்ளலாம். கேசட் இல்லாவிட்டால் எதில் நிரப்புவது? 110 கூடும் அப்படித்தான். சேதமில்லாமல் திறந்து, பின்தாளோடு திருப்பித் தரும்படி லேபில் கொடுக்கும்போதே சொல்லி, கவர் மேலேயும் எழுதிவிடுங்கள். பல லேப்களில் அதை உடைத்துக் குப்பையில் போடுவதுதான் வழக்கம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது

அத்தையோ சித்தப்பாவோ கொண்டுவந்தால் செக்-இன் பெட்டியில் வைக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள், ஸ்கேனர் கதிர் ஃபிலிமைக் கெடுத்துவிடும். கைப்பையில் வரட்டும். கைப்பை ஸ்கேனரும் மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போன்ற வகையாக இருந்தால் அதிலும் விடாமல், கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள்.