மூச்சு வாங்கினால் 'உடம்பு கனம்' என்று விட்டுவிடாதீர்கள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: "உடம்பு போட்டுடுச்சு, அதான் மூச்சு வாங்குது." எடை கூடினால் மூச்சு வாங்கும்தான். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. இதயச் செயலிழப்பும், அதாவது உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தர முடியாமல் இதயம் தளர்ந்துபோவதும், காரணமாக இருக்கலாம்.

உடல் பருக்கும்போது ரத்தத்தின் அளவும் கூடுகிறது. அத்தனையையும் தள்ளித் தள்ளி, வருடக்கணக்கில் இதயச் சுவர் தடித்து விறைத்துப்போகிறது. அப்புறம் அது சுருங்குவதில் குறை தெரியாது. விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல். அதனால் எக்கோ என்ற இதய ஸ்கேனில் 'பம்பிங் நார்மல்' என்று வந்தாலும் இதயச் செயலிழப்பு இருக்கலாம். இதயச் செயலிழப்பைக் கண்டறிய எடுக்கும் பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையும் பருமனானவர்களுக்குக் குறைத்தே காட்டும். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். படுத்தால் மூச்சுத் திணறுகிறது, தலையணையை உயர்த்த வேண்டியிருக்கிறது, சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது என்றால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

"எனக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை" என்ற தைரியமும் போதாது. அமெரிக்காவில் நெடுங்காலமாக நடக்கும் ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வு 2002-ல் சொன்னது: அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், பருமனானவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையை மட்டும் பார்க்காமல் இடுப்பையும் அளந்து பாருங்கள். நம் நாட்டில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை.

மூட்டுவலி மாத்திரை விஷயம் எனக்கு மிகவும் கவலை தருவது. கனத்தால் முழங்கால் வலிக்கிறது. மெடிக்கலில் டைக்ளோஃபெனாக்கோ இபுபுரூஃபனோ வாங்கிப் போடுகிறோம். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். தளர்ந்த இதயத்துக்கு அது ஆபத்து. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

கருவாட்டை 'மீன்தானே' என்று நினைப்பது நம் கரையோரத் தவறு. ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுக்கப் போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்தான். பச்சை மீன் வாசலுக்கே வரும் ஊரில் குழம்புக்கு அதையே வைக்கலாமே.

ஏற்கெனவே இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் பட்டினி கிடந்து எடை குறைக்கக் கூடாது. எவ்வளவு, எப்படி என்று டாக்டர் சொல்லட்டும். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது பெரும்பாலும் கொழுப்பு இல்லை, தேங்கிய நீர். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.