ஒரே டிஸ்ட்ரிக்டில் நாலு மிடில் ஸ்கூல்: எப்படி ஒப்பிடுவது?

பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் அமெரிக்காவில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "எந்த மிடில் ஸ்கூல் (6 முதல் 8ஆம் வகுப்பு வரை) நல்லது?" என்ற பேச்சு கிளம்பிவிடும். யாராவது கிரேட்ஸ்கூல்ஸ் தளத்திலிருந்து பத்துக்கு ஒன்பது, பத்துக்கு ஆறு என்று மதிப்பெண்களை எடுத்துப் போடுவார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். என் மகளுக்காக நானே உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்த ஒற்றை எண் எவ்வளவு விஷயத்தை மறைக்கிறது என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மாலையும் ஒரு எக்செல் தாளும் இருந்தால் நீங்களும் பார்த்துவிடலாம்.

முதலில் முகவரி. உங்கள் வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதை, அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். வீடு விற்கும் தளங்களில் உள்ள எல்லைகள் சில நேரம் பழையவை. வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்க முடியுமா, கடைசித் தேதி எது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பல டிஸ்ட்ரிக்டுகளில் இது முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். மாற்றலில் போகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பள்ளிப் பேருந்தும் கிடைக்காது.

அடுத்து, மாநிலத்தின் ரிப்போர்ட் கார்டு. 2015இல் வந்த எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் பள்ளிவாரியாக இதை வெளியிட்டாக வேண்டும். கலிஃபோர்னியாவில் நீலம் முதல் சிவப்பு வரை ஐந்து நிறங்கள், டெக்சாஸில் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள். நிறத்தையும் எழுத்தையும் தாண்டி உள்ளே போங்கள். 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு உண்டு. அதனால் மிடில் ஸ்கூலின் மூன்று வகுப்புகளுக்கும் எண்கள் கிடைக்கும்.

இப்போது அந்த எண்களைக் குறுக்காகப் படியுங்கள். இந்த விளக்கத்திலேயே முக்கியமான இடம் இதுதான். எக்செல்லில் இடப்பக்கம் 6, 7, 8 வகுப்புகள், மேலே 2022, 2023, 2024. ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கில் தேறியவர்களின் சதவீதம். 2022இன் ஆறாம் வகுப்பு, 2023இன் ஏழாம் வகுப்பு, 2024இன் எட்டாம் வகுப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே பிள்ளைகள்தான். உதாரணத்துக்கு, முதல் பள்ளியில் 72, 69, 65 என்று வருகிறது. இரண்டாவதில் 48, 53, 59. குழுவில் எல்லோரும் முதல் பள்ளியைத்தான் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகளை முன்னேற்றிக் கொண்டுபோவது இரண்டாவதாக இருக்கலாம். வகுப்புக்கு வகுப்பு தேர்வின் கடினம் மாறும் என்பதால், அதே மூன்று கட்டங்களுக்கும் மாநில சராசரியைப் பக்கத்தில் எழுதி, இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள்.

சராசரி மதிப்பெண் பெரும்பாலும் குடும்ப வசதியோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆண்டுக்கு ஆண்டு வரும் வளர்ச்சி அந்த அளவுக்கு அப்படியில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் குழுவினர் நாடு முழுக்க உள்ள தேர்வு விவரங்களில் கண்டது இதுதான். அவர்களுடைய எஜுகேஷனல் ஆப்பர்ச்சூனிட்டி பிராஜெக்ட் தளத்தில் உங்கள் பள்ளியின் வளர்ச்சியை இலவசமாகவே தேடலாம். ஒரு எச்சரிக்கை: சின்னக் குழுவின் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். 40 பேர் உள்ள குழுவில் ஒரு பிள்ளையே 2.5 சதவீதம்.

வருகைப் பதிவு. பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ரிப்போர்ட் கார்டில் இருக்கும். 180 நாள் பள்ளியில் அது 18 நாள். தரவரிசையைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கு வர விரும்புகிறார்களா என்பது இதில் கொஞ்சமாவது தெரிந்துவிடும்.

அப்புறம் கணக்குப் பாதை. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ் என்று போய், பன்னிரண்டாம் வகுப்பில் இயல்பாகவே கால்குலஸுக்கு வந்துவிடும். அதற்கான பிரிவு பல இடங்களில் ஆறாம் வகுப்பு தொடங்கும்போதே நடந்துவிடுகிறது. என் மகனுக்கு அந்தப் பிரிவுக்கான தேர்வு பற்றி வந்த மின்னஞ்சலை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. பின்னால் ஒரு கோடை விடுமுறை முழுக்க அதை ஈடுகட்டவே போயிற்று. ஆகவே ஒவ்வொரு பள்ளியிடமும் இதைக் கேளுங்கள்: வேகமான கணக்கு வகுப்பில் யாரை, எதை வைத்துச் சேர்க்கிறீர்கள்? ஏழாம் வகுப்பில் உள்ளே வர வழி உண்டா? அல்ஜீப்ரா இந்தக் கட்டிடத்திலேயே நடக்கிறதா?

நேரில் போங்கள். பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து மாலையில் நடத்தும் ஓபன் ஹவுஸ் மட்டும் போதாது. அனுமதி வாங்கிக்கொண்டு, பகலில் மணி அடித்து வகுப்பு மாறும் நேரத்தில் தாழ்வாரத்தில் நில்லுங்கள். நான் போன ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். லாக்கர் திறக்காமல் திணறிய பையனுக்கு ஒருவர் குனிந்து உதவினார். இன்னொன்றில் தாழ்வாரத்தில் பெரியவர் ஒருவரும் இல்லை. பாடத்துக்குப் பாடம் அறை மாறுவது நம் பிள்ளைக்கு அநேகமாக அதுதான் முதல் முறை. பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கம் பரிந்துரைப்பது 250.

கடைசியாக, டிஸ்ட்ரிக்டின் முடிவுகளை எடுக்கும் ஸ்கூல் போர்டு கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை ஆறு மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டுங்கள். எல்லை மாற்றம், பள்ளி இணைப்பு என்ற பேச்சு கண்ணில் பட்டால், வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அடுத்த ஆண்டும் இதே எல்லைதானா என்று கேட்டுவிடுங்கள்.