மலைக்குப் போகாமலே ஏற்றப் பயிற்சி
பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சைக்கிளை எடுத்தவர்கள், நெல்லை மாவட்டத்துப் பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலை ஏற்றத்தை முயலும் முன்னர், ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர், இராதாபுரம் பக்கத்து ஊர்ச்சாலைகளில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றை எதிர்த்து, 10 நிமிடம் வீதம் மூன்று முறை, இடையிடையே சற்று இளைப்பாறி, ஓட்டிப் பழகலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே சீறி வரும் அந்தக் காற்று, ஏற்றத்தைப் போலவே, மிதிப்பதை நிறுத்தியவுடன் வண்டியைத் தளரச் செய்வதால், கால்களுக்கு ஓய்வில்லாத சீரான உழைப்பு கிடைக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று பார்க்காமல், இலகுவான கியரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 சுற்று மிதிப்பதையே கணக்கில் கொள்ள வேண்டும். திரும்பும்போது பின்காற்றில் கால்களை இன்னும் விரைவாகச் சுழற்றினால், வேகத்துக்கான பயிற்சி இனாமாகக் கிடைத்துவிடும்.

ஆனால், மலையில் உடல் எடையே பெருஞ்சுமை. சமதளத்துக் காற்று அதை உணர்த்தாது என்பதால், முதல் நாள் ஏற்றத்துக்கு இதைவிட இலகுவான கியர் தேவைப்படும். பக்கவாட்டில் காற்று அறையும் நாள்களிலும், லாரிகள் விரையும் நான்குவழிச் சாலையிலும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இம்முறை ஆகாது.