சொதசொதக்காத வான்கோழி ராப்: அடுப்படிக்குப் புதியவர்களுக்கு

மெல்லிய ரொட்டியில் கறியும் காயும் வைத்துச் சுருட்டுவதுதான் ராப். நான் முதன்முதலில் செய்த வான்கோழி ராப்பை நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க் போகும் ரயிலில் பிரித்தேன். நான் பிரிப்பதற்குள் அது தானே பிரிந்துவிட்டது. தக்காளித் தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. ரொட்டியின் அடிப்பக்கம் நனைந்த செய்தித்தாளைப்போல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் தன் பையிலிருந்த துடைக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டே வந்தார்.

இந்த ஆகஸ்டில் அக்கா மகன் முதுகலை படிக்க இங்கே வந்திறங்கினான். அவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் சமையலில் அவனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பழகிவிட்டால் பத்து நிமிட வேலை. சமைத்த கறி இருந்தால் அடுப்பில் வேலை கொஞ்சம்தான். ஆனால் ராப் கெட்டுப்போவதற்குப் பத்தில் ஒன்பது முறை காரணம் ஒன்றுதான்: தண்ணீர். கீழே வரும் படிகளில் பாதி அதை விரட்டுவதற்காகவே இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு சின்னக் கதை. வான்கோழியும் டோர்ட்டியாவும் ஒரே ஊர்க்காரர்கள். வான்கோழியை வீட்டுப் பறவையாகப் பழக்கியவர்கள் பழைய மெக்சிகோ மக்கள், டோர்ட்டியாவும் அவர்களுடையதுதான். முதலில் அது சோள ரொட்டி. ஸ்பானியர்கள் கோதுமை கொண்டுவந்த பிறகுதான் இன்று நாம் சுருட்டும் கோதுமை டோர்ட்டியா பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன வான்கோழி, 1612இல் கோவா வழியாக ஜஹாங்கீரின் அரண்மனைக்கும் வந்துசேர்ந்தது. அதன் விசித்திரத்தைப் பார்த்த பாதுஷா, தன் ஓவியர் மன்சூரை அழைத்து வரையவே சொல்லிவிட்டார். அவர் அதைச் சுருட்டிச் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை.

ஒரு ராப்புக்கு வேண்டியவை

முழுக்கோதுமை டோர்ட்டியா, 10 அங்குலம்: 1
சமைத்த வான்கோழி நெஞ்சுக்கறி, மெல்லிய துண்டுகளாக: 85 கிராம்
ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது): 2 மேசைக்கரண்டி (அல்லது மசித்த அவகாடோ கால் பழம்)
லெட்டூஸ் இலை: 2
தக்காளி: பாதி
வெள்ளரிக்காய்: விரல் நீளத் துண்டு
துருவிய கேரட்: 2 மேசைக்கரண்டி
மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு: கொஞ்சம்

ஊரில் இருப்பவர்களுக்கு வான்கோழி எளிதில் கிடைக்காது. கோழி நெஞ்சுக்கறியை வைத்து இதையே செய்யலாம். மற்ற எதுவும் மாறாது. அவகாடோ என்றதும் மிரள வேண்டாம், கொடைக்கானல் பக்கம் பட்டர் ஃப்ரூட் என்று விற்கிறார்களே, அதுதான்.

படி 1: கடையில்

டோர்ட்டியாவில் அளவு முக்கியம். 8 அங்குல வட்டத்தை எடுத்து வந்துவிட்டு மூடவில்லையே என்று புலம்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 10 அங்குலம் எடுங்கள். பொருட்பட்டியலில் முதல் பெயர் முழுக்கோதுமையாக இருக்கட்டும். பச்சை நிறத்தில் கீரை டோர்ட்டியா என்று ஒன்று இருக்கும். அதை எடுக்குமுன் கீரை பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது கறி. இங்கே பல்பொருள் அங்காடிகளில் சமைத்த கறியைக் கேட்ட அளவில் சீவித் தரும் டெலி கவுன்ட்டர் இருக்கும். சுட்ட வான்கோழி நெஞ்சுக்கறி அரை பவுண்டு, மெல்லியதாக, என்று கேளுங்கள். அது 227 கிராம்; இரண்டு ராப்புக்குத் தாராளம். இயந்திரத்தில் முதல் துண்டைச் சீவி, "இந்தக் கனம் சரியா?" என்று தூக்கிக் காட்டுவார்கள். அக்கா மகன் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "நன்றாக இருக்கிறது" என்றான். கவுன்ட்டரில் நின்றவர் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டைச் சீவினார்.

ராப் என்றாலே ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வான்கோழி நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் நிறைய, அது உண்மை. ஆனால் பதப்படுத்திய கறியில் உப்பு அதிகம். வெறும் 56 கிராமில் 400 முதல் 600 மில்லிகிராம் சோடியம் இருப்பது சாதாரணம். டோர்ட்டியாவும் தன் பங்குக்கு ஏறக்குறைய அதே அளவு கொண்டுவரும். ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஒரே ராப் அதில் பாதியைத் தின்றுவிடும். உறையில் 'லோ சோடியம்' என்றிருந்தால் ஒரு பரிமாறலுக்கு 140 மில்லிகிராமுக்குள் என்று பொருள். 'ரெட்யூஸ்டு சோடியம்' என்றால் அதே வகைச் சாதாரணக் கறியைவிட 25 சதவீதம் குறைவு, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல.

இதற்காகவே நான் முடிந்தபோதெல்லாம் கறியை வீட்டிலேயே செய்கிறேன். அரை அங்குலக் கனத்தில் வெட்டிய பச்சை நெஞ்சுக்கறித் துண்டங்கள் கிடைக்கும். ஈரத்தை ஒற்றி எடுத்து, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு, சிட்டிகை உப்பு தடவி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தோசைக்கல்லில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் போடுங்கள். வெந்ததா என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமையல் வெப்பமானியை நடுவில் குத்தினால் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இறக்கியவுடன் வெட்டாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு வெட்டினால் சாறெல்லாம் வெளியே ஓடிவிடும்: கறி வறண்டுவிடும், ரொட்டி நனைந்துவிடும். பிறகு நார்களுக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்குங்கள்.

நவம்பர் நான்காவது வியாழக்கிழமை இங்கே தேங்க்ஸ்கிவிங், வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. அது முடிந்த மறுநாள் கறி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அலுவலக நண்பர் வீட்டு விருந்துக்குப் போனாலே ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்புவார்கள். குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

படி 2: காய்களை உலர்த்துவது

தக்காளியைக் குறுக்கே வெட்டினால் சின்னச் சின்ன அறைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் வழவழவென்று ஒரு கூழ், அதில் விதைகள். கட்டைவிரலை அந்த அறைக்குள் விட்டு ஒரு சுழற்று. கூழ் முழுக்க வந்துவிடும். ரயிலில் என் கையை நனைத்த குற்றவாளி அதுதான். (கொட்டிவிடாதீர்கள், ரசத்தில் சேர்க்கலாம்.) மிஞ்சிய சதையை மெல்லிய கீற்றுகளாக நறுக்குங்கள். வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள விதைப் பகுதியைக் கரண்டி நுனியால் வழித்தெடுங்கள்.

லெட்டூஸ் இலையைக் கழுவிவிட்டு உதறினால் போதாது. சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பைப் போட்டு ஒற்றுங்கள். நடுக்காம்பு தடித்திருந்தால் சீவிவிடுங்கள். அது ரொட்டியைக் குத்திக் கிழிக்கும். துருவிய கேரட்டை ஒருமுறை கையால் பிழிந்தாலே போதும்.

காய்களுக்கு உப்புப் போடாதீர்கள். ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்பில் பிசிறி வைத்தால் என்ன ஆகிறது? மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது அல்லவா? உங்கள் ராப்புக்குள்ளும் மதியத்துக்குள் அதுவே நடக்கும். மிளகும் சில துளி எலுமிச்சைச் சாறும் போதும்.

படி 3: ரொட்டிக்குச் சூடு

குளிர்ந்த டோர்ட்டியாவை மடித்தால் விரிசல் விடும். காய்ந்த தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், பக்கத்துக்கு 15 முதல் 20 விநாடி. அதற்கு மேல் விட்டால் அப்பளமாகிவிடும். மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஈரக் காகிதத் துண்டால் மூடி 15 விநாடி வையுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் மறுபடி விறைத்துக்கொள்ளும் என்பதால், மற்ற எல்லாம் தயாரான பிறகே இதைச் செய்யுங்கள்.

"சப்பாத்தியில் செய்தால் என்ன, சித்தி?" என்று அவன் கேட்டான். தாராளமாகச் செய்யலாம். மாவில் கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்து, சுட்டதும் துணியில் மூடி வைத்த மெத்தென்ற சப்பாத்தி வேண்டும். உப்பும் உங்கள் கையில் இருக்கும். ஆனால் சப்பாத்தி சின்னது. இரு ஓரங்களையும் மடித்து மூட வராது. அடியை மட்டும் மடித்து, மேல்பக்கம் திறந்த சுருளாகச் சாப்பிட வேண்டியதுதான். நேற்றையச் சப்பாத்தியோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள்.

படி 4: அடுக்குவது

சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு ஹம்மஸைத் தடவுங்கள். உடனே சாப்பிடப் போகிறீர்கள் என்றால், துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிரில் கடுகு விழுது கலந்து தடவலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் நான்கு மணி நேரம் டப்பாவில் கிடக்கப்போகும் ராப்புக்குத் தயிர் ஆகாது, நீர் விட்டுவிடும். மயோனைஸ் போட்டால் சுவை கூடும், கலோரியும் கூடவே வரும்.

மேலே உலர்ந்த லெட்டூஸ். அதன்மேல் கறித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும்படி, ஓடு வேய்வதைப்போல் அடுக்குங்கள். ஈரமுள்ள தக்காளியும் வெள்ளரியும் கறிக்கு மேலே, நடுவில். சுருட்டும்போது கறி அவற்றைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். ஈரம் ரொட்டியைத் தொடாது. கேரட் கடைசியில். எல்லாம் வட்டத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே, உங்கள் பக்கமாக, ஒரு கை அகலத்துக்குள் அடங்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்று தோன்றும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

படி 5: சுருட்டுவது

இடது வலது ஓரங்களை உள்ளே மடியுங்கள். ஒன்றையொன்று தொட வேண்டியதில்லை. இரண்டு கட்டைவிரல்களாலும் கீழ் ஓரத்தைத் தூக்கிக் காயின்மேல் போர்த்துங்கள். உடனே உருட்டிவிடாதீர்கள். மற்ற எட்டு விரல்களையும் அந்தப் போர்வைக்கு அப்பால் வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் உங்களை நோக்கி இழுத்து இறுக்குங்கள். பாய் சுருட்டும்போது முதல் சுற்றை அழுத்திப் பிடிப்போமே, அந்த அழுத்தம். முதல் சுற்று தளர்ந்தால் கடைசி வரை தளர்ந்துதான் இருக்கும். இறுகியதும் பக்க மடிப்புகளைப் பிடித்தபடி முன்னோக்கி உருட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

மூடிய ஓரம் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பல் வைத்த கத்தியால், அழுத்தாமல், அறுப்பதுபோல் சாய்வாக வெட்டுங்கள்.

கிழிந்துவிட்டதா? பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, பேப்பரை உரித்துக்கொண்டே சாப்பிடுங்கள். யாருக்கும் தெரியாது.

டப்பாவில் எடுத்துச் செல்பவர்களுக்கு

கல்லில் வைத்த ராப் ஆறட்டும். சூடாக மூடினால் நீராவி மறுபடி தண்ணீராகும். வெட்டாமல் பட்டர் பேப்பரில் சுற்றி, குளிர்க்கட்டிப் பையோடு எடுத்துச் செல்லுங்கள். கறி உள்ள உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரம்தான். டெலியில் வாங்கிய கறியை மூன்று முதல் ஐந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். கர்ப்பிணிகள் அதை அப்படியே சாப்பிட வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியிலும் பெருகும். ஆவி பறக்கும்வரை, 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்கியே சாப்பிட வேண்டும்.

வீட்டில் செய்த கறியோடு என்றால் இந்த ராப் சுமார் 400 கலோரி, 30 கிராமை ஒட்டிப் புரதம். மாலை வரை பசி எட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்த வாரம் அக்கா மகன் தானே செய்த ராப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வெட்டினான். கறி வட்டமாகச் சூழ்ந்திருக்க, நடுவில் தக்காளி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ரொட்டியில் பொட்டு ஈரம் இல்லை. ஓர் ஓரத்தில் மட்டும் சிவப்பாக எண்ணெய் கசிந்திருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய்.

"சோடியம்?" என்றேன்.

"ரெட்யூஸ்டுதான், சித்தி. பாதித் துண்டுதான் வைத்தேன்."