ஆய்வேட்டுக்காக இணையத்தில் தேடுவது எப்படி: நொய்யலை முன்வைத்து ஒரு செய்முறை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரக் கல்லூரிகளில் முதன்முறையாக ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் மண்ணின் சிக்கல் ஒன்றையே, சாயக்கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்டதையே, எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதற்படியாக, தலைப்பைக் கேள்வியாக்குங்கள். ‘நொய்யல் மாசு’ என்று தேடினால் செய்தித் துணுக்குகளும் காணொளிகளும் வந்து குவியும். ‘2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள கிணறுகளில் உப்புத்தன்மை குறைந்ததா?’ என்று கேட்டால், இடம், காலம், அளக்க வேண்டிய பொருள் ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிடும்.

அடுத்து, அந்தக் கேள்வியைத் துறையினரின் சொற்களுக்கு மாற்ற வேண்டும். நம் விவசாயிகள் ‘தண்ணி உப்பாயிருச்சு’ என்பதை ஆய்வுக் கட்டுரைகள் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு) என்றும் மின்கடத்துதிறன் என்றும் குறிப்பிடுகின்றன. ஊர்ப்பெயர்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. திருப்பூரை ஆங்கிலத்தில் சிலர் ஒரு ‘பி’ இட்டும் சிலர் இரண்டு ‘பி’ இட்டும் எழுதுகிறார்கள். ஒரத்துப்பாளையத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஒன்றை மட்டும் தேடினால் நல்ல கட்டுரைகள் பல கண்ணில் படாமலே போகும். ஆகவே வடிவங்கள் ஒவ்வொன்றையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, இடையில் ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் எழுதித் தேடுங்கள்.

மூன்றாம் படிக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்துக்குச் செல்லுங்கள். இங்கே பத்துக் கட்டுரைகளை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஒரே கட்டுரையைத் தேர்ந்து அதை இரு திசைகளிலும் பின்தொடர்வதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. அதன் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியல் உங்களை முந்தைய ஆய்வுகளுக்கு அழைத்துச் செல்லும். தேடல் முடிவின் கீழே, அக்கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் இணைப்பு, பிந்தைய ஆய்வுகளைத் திறந்துவிடும். வாய்க்காலைப் பிடித்து நடந்து மடையைக் கண்டடைவது போன்ற வேலை இது. ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால், அத்துறையின் முக்கிய ஆய்வுகளை எட்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு, காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தைப் பாருங்கள். அங்கே இயல்கள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். நூற்பட்டியல் கோப்பை முதலில் திறப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அரசின் அளவீடுகளுக்குக் கூகுளிலேயே வழி உண்டு. ஆங்கிலத்தில் ‘சைட்’ என்ற சொல், முக்காற்புள்ளி, ‘ஜிஓவி டாட் இன்’ ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதி, அதன்பின் உங்கள் சொற்களை இட்டால், அரசுத் தளங்களின் பக்கங்கள் மட்டுமே வரும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்ட அறிக்கைகளை இவ்வாறு எளிதில் எடுத்துவிடலாம். செய்தித்தாள் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்தாளாமல், அது எந்த அறிக்கையிலிருந்து வந்ததோ அதைத் திறந்து, எந்த ஆண்டு, எந்தக் கிணறு, கோடையா மழைக்காலமா என்று பாருங்கள். மழைக்குப் பின் எடுத்த நீரையும் சித்திரை வெயிலில் எடுத்த நீரையும் ஒப்பிட்டால் முடிவே தவறாகிவிடும்.

கிடைத்தவற்றை மேற்கோள் விவரங்களைத் தொகுத்து வைக்கும் ஸோட்டீரோ என்ற இலவச மென்பொருளில் அன்றன்றே சேமியுங்கள். அரசுத் தளங்களின் இணைப்புகள் அடிக்கடி மாறுவதால், அறிக்கையைத் தரவிறக்கி, பார்த்த தேதியையும் பக்க எண்ணையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.