சயன்ஸ் புரொஜெக்ட் செய்யுற பிள்ளையளுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

பத்தாம் ஆண்டு படிக்கிற என்ட மருமகள் போன கிழமை யோகட் கப்புல பயறு போட்டு வெச்சிருந்தாள், ஒண்டுக்கு கிணத்துத் தண்ணி, மத்ததுக்கு மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில அள்ளின உப்பு வாவித் தண்ணி. ஐடியா நல்லம்தான். ஆனா ஒரு கப் ஜன்னல்ல, மத்தது குசினிக்குள்ள இருட்டில இருக்கு புள்ள, இப்ப முளைக்காட்டி உப்பாலயா இருட்டாலயா எண்டு எப்பிடிச் சொல்லுவாய்?

ஒரு நேரத்தில ஒண்டை மட்டும்தான் மாத்தணும். கப், பஞ்சு, இடம், ஊத்துற அளவு எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், கிணத்துத் தண்ணிக் கப்தான் ஒப்பிட்டுப் பாக்கிற கட்டுப்பாடு. வாவித் தண்ணிட உப்பு மழைக்கு ஒரு மாதிரி வெயிலுக்கு ஒரு மாதிரி, அதால வீட்டிலயே லீட்டருக்கு 5 கிராம், 10 கிராம், 20 கிராம் எண்டு உப்பு கரைச்சா இன்னும் நல்லம் (கடல் தண்ணியில கிட்டத்தட்ட 35 கிராம் இருக்கும்). கப்புக்கு ஒரு பயறு போடாதீங்க, அது சொத்தைப் பயறா இருந்தா கதை முடிஞ்சுது, கப்புக்கு 10 போட்டு ஒவ்வொரு தண்ணிக்கும் மூணு கப் வையுங்க.

கருதுகோளை, அதாவது என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீங்களோ அதை, முதல்லயே எழுதி வெச்சிருங்க, முளைச்ச பிறகு எழுதுறது கள்ள வேலை. தினமும் எண்ணினதை அப்பவே பேனையால கொப்பியில எழுதுங்க, பிழைச்சா ஒரு கோடு மட்டும் கீறுங்க, ரிப்பெக்ஸ் (எழுத்தை மறைக்கிற வெள்ளை மை) பூசவேணாம். நினைச்சதுக்கு மாறா வந்தா அதையும் அப்பிடியே போடுங்க, அதுக்கு ஆரும் புள்ளி குறைக்க மாட்டாங்க.